பாம்புக்கு வைத்த நல்லெண்ணெய்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. குளிர் முடியப் போகிற நேரம். வேலியோரத்தில், நம் ஊர் வேல மரத்துக்கு உறவான வாட்டில் மரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை, நான் ஒரு பாம்புக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் அந்த வாரம் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் திருச்சிக்காரி. முப்பத்தெட்டு வயது வரை எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. தில்லைநகரில் ஒரு பியூட்டி பார்லரில் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வரன் வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிட்னியில் இருபது வருடமாக இருக்கிறார், மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது, ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார்கள். குழந்தை என்றதும் ஆறேழு வயது என்று நினைத்துக்கொண்டு பாவாடை சட்டைத் துணியெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் என் உயரத்துக்கு ஒரு பதின்மூன்று வயசுப் பெண் கதவைத் திறந்து, "ஹாய் அன்ரி" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு தப்பு செய்தேன். அவளுடைய முடி நீளமானது, அடர்த்தியானது, வைக்கோல் மாதிரி காய்ந்து கிடந்தது. என் கைக்குப் பொறுக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய், படித்துக்கொண்டிருந்தவளின் உச்சந்தலையில் ஒரு கரண்டி ஊற்றி, "அசையாம இரும்மா" என்று தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். அவள் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து நான் அறைக்குள் நுழைந்தால் அவள் கை தானாகத் தலைக்குப் போய் முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும். எங்களுக்குள் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

இப்படி ஒரு வருடம் போன பிறகுதான் வீட்டுக்குப் பாம்பு வந்தது. பதினாலாவது பிறந்தநாளுக்கு அவள் கேட்ட ஒரே பரிசு அது. இணையத்தில் எல்லோரும் வளர்க்கிற ஆரஞ்சு நிறக் கார்ன் ஸ்னேக்கைத்தான் முதலில் கேட்டாள். அது வெளிநாட்டுப் பாம்பு, இந்த நாட்டில் வளர்க்கத் தடை. அதனால் இந்த ஊர்ப் பாம்பே வாங்கினார்கள். விஷமில்லாத சின்ன வகை மலைப்பாம்பின் குட்டி. என் சுண்டுவிரல் பருமன், பழுப்பு உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி. பெப்பர் என்று பெயர் வைத்தாள். பாம்பு வளர்க்க இங்கே லைசென்ஸ் வேண்டும். அவள் சின்னப் பெண் என்பதால் லைசென்ஸ் என் கணவர் பேரில். அந்த மனிதரோ பாம்பு இருக்கும் அறையின் வாசலைக்கூட மிதிக்க மாட்டார். "பேப்பரில கையெழுத்துப் போட்டது நான்தான், ஆனா எனக்குக் கிட்ட கொண்டு வராதையும்" என்பார்.

எனக்கும் பயம்தான். ஆனால் வேடிக்கை பார்க்க ஆசை. மதியம் வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். சூட்டு விளக்கின் வெளிச்சம் அந்தி வெயில் மாதிரி உள்ளே விழுந்திருக்கும். அது ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்குப் போக பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் உடம்பு லேசாகி, இருக்கிற ஊர், வந்த ஊர் இரண்டும் மறந்துபோகும். நான் தனியாக அதை மிளகு என்று கூப்பிடுவேன்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் கேம்ப். திங்கட்கிழமை காலை போய் வெள்ளிக்கிழமை வருவார்கள். போன் கொண்டு போகக் கூடாது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பாம்பு சட்டை உரிக்கத் தயாரானது. தோல் மங்கி, கண் இரண்டும் பால் ஊற்றியது போல நீலமாக இருந்தன. அந்தப் பெண் வாசலுக்கும் தொட்டிக்கும் நடையாய் நடந்தாள். அப்பாவைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்கே தெரியும். கடைசியில் என் எதிரில் வந்து நின்றாள்.

"அன்ரி, யூ கேன் டூ இட், ரைட்? டெய்லி தண்ணி ஸ்ப்ரே பண்ணினா போதும். சாப்பாடு குடுக்க வேண்டாம். தொட வேண்டாம். ஷி கான்ட் ஸீ ப்ராப்பர்லி, பயப்பிடும்."

ஒரு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் வேகமாகத் தலையாட்டினேன். அவள் அதே மூன்று விஷயத்தையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனாள். எனக்கு அன்று முழுவதும் தரையில் கால் படவில்லை. என்னை நம்பி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறாளே!

திங்கட்கிழமை சொன்னதைச் சொன்னபடி செய்தேன். வெள்ளி முதல் ஞாயிறு வரைதான் எனக்கு ஹரிஸ் பார்க் என்கிற பக்கத்து ஊரில் பார்லர் வேலை, மற்ற நாளெல்லாம் வீடுதான். பாம்பு தன் ஈரப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. பெட்டி என்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே நனைந்த பாசி நிரப்பியிருப்பாள். ஓட்டை வழியாக அந்த நீலக் கண் தெரிந்தது. வெளியே தூறல். தொட்டிக்குள்ளும் நான் அடித்த தூறல். இரண்டையும் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் கண்ணில் நீலம் போய்விட்டது. கறுப்பு மணி மாதிரி தெளிவாகிவிட்டது. சரி, சீக்கு தெளிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கண் தெளிந்த பிறகு இன்னும் சில நாள் கழித்துத்தான் சட்டை உரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உடம்பு மட்டும் சாம்பல் பூத்துச் சுருங்கிக் கிடந்தது. குளிர்காலத்தில் நம் முழங்கால் வெளுத்துக் கிடக்குமே, அதே மாதிரி. ஐயோ பாவம், எண்ணெயே காணாத உடம்பு என்று தோன்றியது. அன்று செவ்வாய்க்கிழமை வேறு. பெண்பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொள்கிற நாள். பெப்பர் பெண்தானே!

இப்போது நினைத்தால் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாகச் செய்தேன். கிண்ணத்தில் எண்ணெயை லேசாகச் சுட வைத்து, மிளகை மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். முதல் தடவையாக அதைத் தொட்டேன். வழவழவென்று இருக்கும் என்று நினைத்தது சரசரவென்று, மழைக்கு முந்தின காற்று போலக் குளிர்ந்து இருந்தது. உச்சியில் ஒரு சொட்டு வைத்தேன். பிறகு வால் வரைக்கும் விரலால் நீவிவிட்டேன். அது என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. சுகமாக இருக்கிறது போல என்று நான் மயங்கிப்போனேன். சீயக்காய் தேய்க்காமல் விட்டது அதன் அதிர்ஷ்டம். சாம்பிராணி போடலாமா என்றும் யோசித்தேன். ஸ்மோக் அலாரம் கத்தும் என்று விட்டுவிட்டேன்.

எண்ணெயோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எண்ணெய் வைத்த உடம்புக்கு ஈரம் ஆகாது, சளி பிடித்துவிடும் என்று அந்த ஈரப் பாசிப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். ஸ்ப்ரேயும் அடிக்கவில்லை. சூட்டு விளக்குக்குக் கீழே காய்ந்த துணி விரித்து அதில் விட்டேன். மூன்று வரிச் சீட்டு கண்ணாடியில் என் மூக்குக்கு நேராக ஒட்டியிருந்தது. அதில் ஒன்றுக்கு இரண்டாக மீறிவிட்டு, நல்லது செய்தோம் என்ற நிறைவோடு போய்ச் சமைத்தேன்.

புதன்கிழமையும் அப்படியே விட்டுவிட்டு, வியாழக்கிழமை காலை தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரே உறையாக, காலுறை கழற்றுவது போல வர வேண்டிய சட்டை, துண்டு துண்டாகக் கிழிந்து எங்கும் ஒட்டிக் கிடந்தது. வாலில் ஒரு வளையம் இறுக்கிக்கொண்டிருந்தது. தலையைப் பார்த்தேன். ஒரு கண் பளபளவென்று கறுப்பாக இருந்தது. இன்னொன்று மங்கி, புகை படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தக் கண்ணின் ஓரத்தில் பழைய தோலின் ஒரு விளிம்பு மெல்லியதாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

நாளைக்கு அவள் வந்துவிடுவாள். எனக்கு அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாள், நான் அதன் கண்ணைக் கெடுத்துவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

நேராகப் போய் என் பார்லர் பையிலிருந்து புருவமுடி பிடுங்கும் பிளக்கரை எடுத்து வந்தேன். என் கையைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. இருபது வருடமாகக் கண்ணுக்கு மேலே வேலை செய்கிற கை. ஒரு முடி, ஒரு இழுப்பு, ரத்தப் பொட்டு வராது. இந்த விளிம்பு எம்மாத்திரம்? இடது கையில் மிளகின் தலையை மெல்லப் பிடித்தேன். பிளக்கரின் நுனி அந்தத் தோலைத் தொட்டுவிட்டது. வாடிக்கையாளர்களிடம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை என் வாயில் தானாக வந்தது.

"கண்ணை மூடிக்கோம்மா."

சொன்ன பிறகு காத்திருந்தேன். வழக்கமாக அவர்கள் மூடும்வரை காத்திருப்பேனே, அதே மாதிரி. அது மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பாம்புக்கு இமையே கிடையாது. அதற்கு மூடத் தெரியாது, மூட முடியாது. அப்படியானால் நான் பிடித்துக்கொண்டிருக்கும் இந்தத் தோல் எதன் மேல் ஒட்டியிருக்கிறது? நேராகக் கண்ணின் மேலா? பிளக்கரின் நுனியைத் தளர்த்தினேன். இருபது வருடத்தில் முதல் தடவையாகப் பிடித்ததை இழுக்காமல் விட்டேன். பிளக்கரை அறையின் மூலையில் வீசிவிட்டு ஓவென்று அழுதேன்.

அழுதுகொண்டே பாம்புகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு மருத்துவமனையைத் தேடி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போன் செய்தேன். அந்தப் பக்கம் பேசிய அம்மாவுக்கு நான் சொன்னது பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் 'பிளக்' என்ற சொல் காதில் விழுந்ததும் குரலை உயர்த்திவிட்டார். "நோ நோ நோ, லவ், இழுத்துவிடாதே" என்று, இந்த ஊர் வழக்கப்படி செல்லமாக லவ் போட்டே அதட்டினார். பாம்பின் கண்ணுக்கு மேல் கண்ணாடி மூடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதாம். அது சட்டையோடு சேர்ந்து உரிய வேண்டியது. இழுத்தால் அடியில் இருக்கிற புதுப் படலமும் கிழிந்து, கண்ணே போய்விடலாமாம். ஈரத் துணிக்குள் விடு, வெதுவெதுப்பாக வை, அதன் போக்கில் ஊர்ந்து போகட்டும், திங்கட்கிழமை கூட்டிவா என்றார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஈரிழைத் துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மிளகு அதன் மடிப்புக்குள் புகுந்தது. அன்று மதியம் முழுவதும் நான் எழுந்திருக்கவில்லை. துணிக்கு அடியில் அது போகும் இடமெல்லாம் ஒரு சின்ன மேடு நகரும், நிற்கும், திரும்ப நகரும். ஜன்னல் வழியாக வாட்டில் பூவின் மஞ்சள் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அந்தக் கஷ்டமும் போய், நானும் அந்த ஈரத்துக்குள் எங்கோ ஊர்ந்துகொண்டிருப்பது போல ஆகிவிட்டது. வெயில் சாய்ந்தபோது பார்த்தேன். வாலில் இருந்த வளையம் துண்டில் ஒட்டிக் கிடந்தது. கண் மட்டும் அப்படியே மங்கியிருந்தது.

என் கணவர் வேலை முடிந்து வந்து, வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். "பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதையும். பாம்பெண்டா சில நேரம் இப்பிடித்தான் உரிக்கும் எண்டு விடும். அவவுக்கு எப்பிடித் தெரியப்போகுது?" என்றார். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. பொய் சொல்லத் தயாராகத்தான் வெள்ளிக்கிழமை பார்லருக்கு லீவு போட்டுவிட்டு இருந்தேன்.

அவள் சேறு படிந்த ஷூவோடு நேராகத் தொட்டிக்கு ஓடினாள். பாம்பைத் தூக்கினாள், முகத்தருகே கொண்டுபோனாள், மூக்கைச் சுளித்தாள்.

"அன்ரி, வை டஸ் ஷி ஸ்மெல் லைக் இட்லிப் பொடி?"

வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த நிமிடம் என் பொய்யெல்லாம் தொண்டையில் கரைந்துபோயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை எண்ணெய், வெளியே வைத்த பெட்டி, அடிக்காத ஸ்ப்ரே, கடைசியில் பிளக்கர் வரை ஒன்று விடாமல் சொன்னேன். "நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா பண்ணேன்" என்றும் சொன்னேன்.

அவள் அந்த மங்கின கண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"என்ர தலையிலயும் இப்பிடித்தான் செய்தனீங்க. யூ டிடன்ட் ஆஸ்க். அம்மாவுக்குப் பிறகு ஒருத்தரும் என்ர தலையைத் தொட்டதில்ல. ஐ வாஸ் நாட் ரெடி."

ஒரு வருடமாக அந்தப் பெண்ணுக்கு எண்ணெய் பிடிக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் என் காது சுட்டது. "மன்னிச்சிடும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் பாம்போடு அறைக்குள் போய்விட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் பேச்சில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனைக்கு மூன்று பேரும் போனோம். மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் சேதம் இல்லை, மேல் படலம்தான் ஒட்டியிருக்கிறது, அடுத்த தடவை சட்டை உரியும்போது சேர்ந்து வர வாய்ப்பு இருக்கிறது, அதுவரை யாரும் கை வைக்காதீர்கள் என்றார். வராவிட்டால்? வராவிட்டால் அப்போது பார்க்கலாம் என்றார். காரில் திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "அன்ரி, நெக்ஸ்ட் டைம் பெட்டிக்குத் தண்ணி விடுறது உங்கட வேலை. நான் செக் பண்ணுவன்." நெக்ஸ்ட் டைம் என்றாளே! நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஆறேழு வாரம் நாங்கள் இருவரும் சேர்ந்து காத்திருந்தோம். மாலையில் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிக்கு முன்னால் உட்காருவோம். நான் பாசியை நனைப்பேன், அவள் விரலை விட்டு ஈரம் பார்ப்பாள். பேச்சு அதிகம் இருக்காது. சில நாள் அவள் கேம்ப் கதை சொல்வாள். ஒரு நாள் தன் அம்மாவின் போட்டோவைக் காட்டினாள். அதே அடர்த்தியான முடி. வேலியோரத்தில் வாட்டில் பூவெல்லாம் கொட்டி முடிந்து, பகல் நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் மறுபடியும் தோல் மங்கியது. கண்ணில் நீலம் ஏறி, சில நாளில் தெளிந்தது. அந்த மங்கின கண் தெளிந்ததா என்று மட்டும் எங்களுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை விடிந்த நேரம், நான் பார்லருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, "அன்ரி! கம், கம்! கெதியா வாங்கோ!" என்று கத்தினாள். ஓடினேன். மிளகு மூக்கை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தது. உதட்டோரம் பழைய தோல் மடங்கியது. பிறகு அது தன்னிடமிருந்தே புறப்பட்டுப் போவது போல, அவ்வளவு நிதானமாக முன்னால் நகர்ந்தது. பின்னால் வெள்ளையாக ஒரு நீளமான நிழல் மிச்சமாகிக்கொண்டே வந்தது. நாங்கள் மூச்சுவிடக்கூட யோசித்தோம். அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருக்காது, நானும் அசையவில்லை.

வால் நுனியும் வெளியே வந்ததும் அவள் சட்டையை எடுத்து போன் வெளிச்சத்தில் பிடித்தாள். தலைப் பகுதியில் இரண்டு வட்டம் தெரிந்தது. கண்ணாடிச் சில்லு போல இரண்டு கண் மூடிகள். ஒன்று மெல்லியதாக, மற்றது இரண்டு அடுக்காகத் தடித்து இருந்தது. அந்தத் தடித்ததுதான் என்னுடைய தப்பு. தொட்டிக்குள் மிளகு இரண்டு கறுப்புக் கண்ணாலும் எங்களைப் பார்த்தது. நாங்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம். அன்று பார்லருக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

இப்போதெல்லாம் நூலை எடுக்கும் முன் எல்லா வாடிக்கையாளரிடமும் "தொடலாமா?" என்று கேட்கிறேன். புருவம் திருத்தத்தானே வந்தேன் என்று சிரிக்கிறார்கள். வீட்டில் செவ்வாய்க்கிழமை தோறும் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிண்ணத்தில் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு போய், அவள் அறை வாசலில் நின்று, "வைக்கட்டுமாம்மா?" என்று கேட்பேன். அவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, முடியை இழுத்து மறைத்துக்கொள்ளாமல், "நோ தாங்ஸ் அன்ரி, நெக்ஸ்ட் வீக் கேளுங்கோ" என்பாள். அந்த எண்ணெயை நானே என் தலையில் வைத்துக்கொண்டு சாயங்கால வெயிலில் உட்காரும்போது, வாரா வாரம் எனக்குக் கிடைக்கிற அந்த 'வேண்டாம்' என்ற பதிலைவிடப் பிரியமான வார்த்தையை இந்த நாட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.